கதவைச் சாத்திய பிறகு

அன்றைக்குக் குளியலறை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

என் மனைவி. கையில் டார்ச் வைத்திருந்தாள்.

என் அக்கா. சாமிப் பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

என் மகள். எறணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வீட்டில் இருந்தாள்.

எலக்ட்ரீஷியன். பள்ளுருத்திக்காரன். தோளில் ஏணி, கையில் பை.

நான். பிளாஸ்டிக் ஸ்டூலில்.

சாமியை விட்டுட்டியே என்று அக்கா கேட்பாள். சாமியும்.

இத்தனை பேர் நிற்க அங்கே இடம் கிடையாது. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்ப்பகுதிதான் எங்கள் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஓர் ஒதுக்கு. முன்னறையில்தான் உட்காருவது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம். அந்த அறையின் மூலையைத் தடுத்துத்தான் குளியலறை. அதன் கதவைத் திறந்தால் நேர் எதிரே, இரண்டு எட்டு வைத்தால் தொடும் தூரத்தில், சாமிப் பலகை.

முன்பு குளியல் வெளியேதான். முற்றத்தில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு மறைப்பு இருந்தது. நெஞ்சு கெட்ட பிறகு அதுவரை நடந்து போய்வர முடியவில்லை.

நெஞ்சு எப்படிக் கெட்டது என்று கேட்பார்கள். பஜாரில் மலைச்சரக்குக் குடோனில் வேலை பார்த்தேன். சுக்குக்குச் சுண்ணாம்பு போடுவது, மிளகாய் சலிப்பது, மூட்டை கட்டுவது. அப்பா தென்காசிப் பக்கமிருந்து வந்து அதே வேலைதான் பார்த்தார். வாயில் துண்டு கட்டிக்கொள்வோம். துண்டைத் தாண்டித் தூசி போகும். அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். மனைவியும் மகளும் மாற்றி மாற்றி என்னோடு இருந்தார்கள். அக்கா வீட்டில் இருந்தாள். நான் திரும்பி வந்தபோது சாமிப் பலகையில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் எரிந்தது. மனைவிதான் சொன்னாள்.

"அது அணையக் கூடாதாம். உங்களுக்கு மூச்சு சரியாகிற வரைக்கும் அணைய விட மாட்டேன்னு அக்கா நேந்திருக்காங்க."

அக்கா என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடக்கொச்சியில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் போன பிறகு எங்களிடம் வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த விளக்கும் கொண்டுவந்தாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. விளக்கு பலகைக்குப் போனது. இந்த வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பலகையை மட்டும் வேறு யாரும் துடைக்கக்கூட விடமாட்டாள்.

வீட்டுக்காரரிடம் கேட்டுக் குளியலறை கட்டியபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"சாமிக்கு நேரா கக்கூஸாலே?"

"வேற மூலை இல்லையே அக்கா."

"அப்ப கதவு எப்பவும் சாத்தி இருக்கணும்."

"இருக்கும்."

அந்தக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் அடுத்தவன் குடோன் சுவர். ஒரு பக்கம் சந்து. சந்துப் பக்கச் சுவர் பழைய வெட்டுக்கல். எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க அதில் ஒரு வட்டம் அறுத்தபோது காரை கூடைகூடையாக விழுந்தது. வீட்டுக்காரர் சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது மதி, போதும். இனி இந்தச் சுவரைத் தொட்டால் வீட்டைக் காலி பண்ணு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஃபேன் மகள் வாங்கித் தந்தது. எனக்காகத்தான். பச்சைத் தண்ணீர் பட்டால் என் நெஞ்சு பிடித்துக்கொள்ளும். நல்ல சூட்டில் வெந்நீர் வேண்டும். மற்ற மூன்று பேரும் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆவியும் இல்லை, ஃபேனும் வேண்டாம்.

ஃபேனுக்கு வெளிப்பக்கம் மூன்று பிளாஸ்டிக் தகடு. காற்று தள்ளினால் தூக்கிக்கொண்டு படபடவென்று அடிக்கும். காற்று நின்றால் விழுந்து மூடிக்கொள்ளும். முதலில் எல்லாம் நன்றாக ஓடியது. ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பேன். ஆவி எழும், வட்டத்தைப் பார்த்துப் போகும். வாளி முழுவதும் ஊற்றிவிட்டுத்தான் வருவேன்.

ஒன்றை மட்டும் அக்கா கவனித்தாள். ஃபேன் போட்டால் விளக்கின் சுடர் சாயும். முன் ஜன்னலில் வருகிற காற்று பலகையைத் தடவிக்கொண்டு குளியலறைக் கதவுக்கு அடியில் போகும். சுடரும் அந்தப் பக்கம் வளையும். எண்ணெய் குறைந்த நேரமாக இருந்தால் அணைந்தே போகும். அக்கா பேசாமல் மறுபடி ஏற்றுவாள். ஏற்றும்போது வாய் மட்டும் அசையும்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"வெளக்கு கக்கூஸைப் பார்த்துக் கும்பிடுது."

மகள் சிரித்துவிட்டாள். "அத்தை, அது ஃபேன் இழுக்குது. அதுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுதுல்லா" என்றாள் அக்கா.

இடக்கொச்சியிலிருந்து தெரிந்த ஆசாரி ஒருவரை வரவழைத்தாள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார். கீழே, வாசற்படிக் கல்லைத் தொடுகிற மாதிரி, தடிப்பான பட்டை. அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் 'பொத்' என்று ஒரு சத்தம். பாச்சை வரவில்லை. நாற்றம் வரவில்லை. விளக்கு நேராக நின்றது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்.

அதே சமயத்தில் மழையும் பிடித்தது. ஃபேன் கெட்டது.

கெட்டது என்றுதான் அப்போது சொன்னோம். சுவிட்சைப் போட்டால் ஓடும். சத்தம் இருக்கும். ஆனால் ஆவி போகாது. மேலே முட்டி, சுவரில் வழிந்து, என் தலைக்கு இறங்கும். மூக்குக்கு முன்னால் ஈரத்துணி பிடித்த மாதிரி. நாலு கப் ஊற்றுவேன். பிறகு கை எழாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். குளித்தேன் என்று பேர்.

ஒருநாள் தாழ்ப்பாளுக்கும் கை எட்டவில்லை. வெளியே மனைவி கூப்பிடுகிறாள். பதில் சொல்லக் காற்று இல்லை. கப்பால் கதவைத் தட்டினேன். அவள் வெளியிலிருந்து உலுக்கினாள். எப்படியோ எழுந்து தாழ்ப்பாளை இழுத்தேன். அவள் துண்டைச் சுற்றி என்னைத் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மகளும் திரும்பி நின்றாள். அவர்கள் முதுகு இரண்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் மனைவிதான் பேசினாள்.

"நாலு கப்புதான் டாக்டர். அதுக்கப்புறம் தண்ணி சத்தமே கேக்காது."

"எண்ணுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பின்னே? கதவுக்கு வெளியே எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆவியில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். ஃபேனைச் சரிபண்ணுங்கள், அதுவரை கதவைத் திறந்துவைத்துக் குளிக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார்.

எலக்ட்ரீஷியன் வந்தான். கொஞ்ச காலம் திருப்பூரில் வேலை பார்த்தவன். பாதி தமிழ், பாதி மலையாளம். என்னை அண்ணாச்சி என்பான். இங்கே தமிழன் என்றாலே அண்ணாச்சிதான். மனைவியைச் சேச்சி என்பான். அக்காவை அம்மே என்பான்.

ஏணியைப் போட்டான். குளியலறை சின்னது. ஏணியின் பின்கால் வாசலுக்கு வெளியே நின்றது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தான். இறக்கை முழுக்கக் குடோன் தூசி, எண்ணெய்ப் பிசுக்கோடு. எல்லாம் கழுவி மாட்டினான். பேப்பரில் ஒரு துண்டு கிழித்து ஃபேனுக்கு முன்னால் நீட்டினான். பேப்பர் போய் ஒட்டிக்கொண்டது.

"கண்டோ? இனி ஒரு குழப்பமும் இல்லா."

மறுநாள் குளித்தேன். நாலு கப்.

மறுபடி வந்தான். கண்டென்சர் வீக்காக இருக்கும் என்று புதிதாக ஒன்று மாற்றினான். ஏணியில் நின்று பேப்பரை நீட்டினான். ஒட்டிக்கொண்டது. மறுநாள் குளித்தேன். அதே கதை.

இன்னொரு நாள் சந்தில் ஏணி போட்டு வெளித்தகடுகளைக் கழற்றினான். காரைத்துண்டு ஒன்று இடுக்கில் இருந்தது. "கள்ளன் இவிட உண்டு" என்று அதை எடுத்துக் காட்டினான். உள்ளே வந்து பேப்பர் நீட்டினான். பேப்பர் பறந்துபோய் ஒட்டியது. மகள் கைதட்டினாள். மனைவி அவனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த நாளும் ஆவி போகவில்லை.

கடைசியில் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணாச்சி, ஃபேனுக்கு அசுகம் இல்லா. ஞான் எல்லாம் நோக்கி."

"அப்ப எனக்குத்தான்" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லலை."

"சொல்லு. பரவாயில்லை."

அவன் சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று முகத்தில் தெரிந்தது. மகள் மட்டும் லேசாக்கப் பார்த்தாள். "அப்பா, இந்த ஃபேனும் உங்களை மாதிரிதான். ஆளுங்க முன்னாடி நல்லா இருக்கும்." நான் சிரித்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆவி போகிறது, எனக்குத்தான் போகாத மாதிரி தெரிகிறதோ என்று.

சரி, டாக்டர் சொன்னபடி கதவைத் திறந்துவைத்துக் குளிப்பது என்று ஆயிற்று. திறந்தால் நேரே முன்னறை. அக்காவும் வயதுக்கு வந்த மகளும் உட்கார்ந்திருக்கிற இடம். வேறு எங்கே போவார்கள்? மனைவி அவர்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கதவு திறந்திருக்கக் குளித்தேன். மூச்சு முட்டவில்லை. கதவு திறந்திருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

துடைத்துக்கொண்டு சட்டை மாட்டி ஜன்னல் பக்கம் போனேன். வெளியே மழை. எதிர்ச் சுவரில் ஓட்டுக் கூரைக்குக் கீழே அக்காவும் மகளும் ஒரே குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவின் சேலைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எதையோ கேட்க, மகள் எதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மனைவி வெந்நீர் வைத்தாள்.

"குளிக்கலை" என்றேன்.

"ஏன்?"

"வேண்டாம்."

"மேலுக்கு முடியலையா?"

"கதவைச் சாத்திக் குளிக்க முடியும்னா குளிக்கிறேன். இல்லன்னா வேண்டாம்."

ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அவள் முதலில் கெஞ்சினாள். பிறகு ஏசினாள். "நாத்தம் வரக்கூடாதுன்னு அக்கா கக்கூஸ் கதவை அடைச்சாங்க. இப்ப நாத்தம் கட்டில்லேருந்து வருது." ஒரு மனுஷன் தானாகச் செய்துகொள்கிற காரியம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. மூட்டை போனது. கடைக்குப் போவது போனது. மாடிப்படி போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தன் மேலைத் தானே கழுவிக்கொண்டு வருவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்காக இரண்டு பெண்களை மழையில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அது காதில் விழுந்தது.

குளிக்க இல்லை, மற்றதுக்காக உள்ளே போனேன். போகும்போது பழக்கத்தில் ஃபேன் சுவிட்சையும் தட்டிவிட்டேன். வெளியே தகடு படபடவென்று அடிக்கிற சத்தம். கதவைச் சாத்தினேன். 'பொத்.' தகடு சத்தம் நின்றது.

ஃபேன் ஓடுகிறது. தகடு அடிக்கவில்லை.

கதவைத் திறந்தேன். படபட. சாத்தினேன். நின்றது. நாலைந்து தரம் செய்து பார்த்தேன். குளிக்கிற நேரத்தில் தண்ணீர் சத்தத்தில் இது கேட்டதில்லை. சாத்திய கதவுக்குள் அந்த ஃபேனோடு இருந்த ஆள் நான் ஒருவன்தான். பழுது பார்க்க வந்தவன் ஒவ்வொரு தரமும் கதவைத் திறந்துவைத்துத்தான் பார்த்தான். ஏணிக்கால் வாசலில் நின்றால் கதவை எப்படிச் சாத்துவது?

மகளிடம் சொன்னேன், அவனைக் கூப்பிடு என்று.

"மூணு தரம் வந்துட்டாருப்பா."

"இன்னொரு தரம் வரட்டும். நீ வீட்டில் இருக்கும்போது."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவன் வந்ததும் வழக்கம்போல ஏணியை விரிக்கப் போனான்.

"ஏணி வேண்டாம்" என்றேன்.

"பின்னே ஞான் பறக்கணுமா அண்ணாச்சி?"

"இந்த ஸ்டூல் போதும். உள்ளே வா. கதவைச் சாத்தணும்."

அவன் என் மனைவியைப் பார்த்தான். "சேச்சி, அண்ணாச்சி என்னைக் குளிப்பாட்டப் போறாரா?"

"முதல்ல நீ அவரைக் குளிப்பாட்டு மோனே. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். தோள் இடித்தது. அவன் ஸ்டூலில் ஏறிப் பேப்பரை நீட்டினான். ஃபேன் ஓடியது. பேப்பர் ஒட்டிக்கொண்டது. வெளியே தகடு அடித்தது.

"இப்ப கேள்" என்று கதவைச் சாத்தினேன்.

தகடு நின்றது. பேப்பர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கீழ்நுனி ஆடியது. கழன்று அவன் கால்மேல் விழுந்தது.

அவன் பேப்பரை எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

வெளியிலிருந்து மகளின் குரல். "அப்பா! நீங்க கதவைச் சாத்தினதும் விளக்கு நிமிருது!"

"என்னது?"

"விளக்குப்பா! கதவைத் திறங்க, பாக்கிறேன்."

திறந்தேன்.

"சாயுது! சாத்துங்க."

சாத்தினேன்.

"நேரா நிக்குது! மறுபடி திறங்க. சாயுது, சாயுது, அம்மா இங்க பாரு!"

எலக்ட்ரீஷியன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "காத்து அகத்து வரண்டே அண்ணாச்சி? உள்ளே வந்தாத்தானே வெளியே போகும். குப்பியில வாய் வச்சு உறிஞ்சின மாதிரி ஃபேன் சும்மா கிடந்து சுத்துது." டார்ச்சை வாங்கிக் கீழே குனிந்து ரப்பர் பட்டையை விரலால் நெருடினான். "இது யாரு ஒட்டினது? சூப்பர் பணி. கப்பல்ல கூட இவ்வளவு டைட்டா கதவு காணாது."

மனைவியும் மகளும் அக்காவைப் பார்த்தார்கள். அவனுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"நான்தான்" என்றாள் அக்கா.

அவன் சிரிப்பு நின்றது. எழுந்து டார்ச்சை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னான். அடிப்பட்டையை எடுக்க வேண்டும். அது மட்டும் போதாது. கதவின் அடியில் இரண்டு விரல் அறுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஃபேனுக்குத் தேவையான காற்று வரும்.

"சுவத்துல இன்னொரு ஓட்டை போட முடியாதா?" என்று மகள் கேட்டாள்.

"சுவரைத் தொட்டா வீடு போகும்" என்றாள் மனைவி.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தேன். எனக்கு மூச்சு வரட்டும் என்று ஏற்றிய விளக்கு. அது அணையாமல் இருக்கட்டும் என்று ஒட்டிய பட்டை. அவள் என்ன செய்தாள், எதற்குச் செய்தாள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். எலக்ட்ரீஷியனைத் தவிர.

"இருக்கட்டும்" என்றேன். "கதவு இப்படியே இருக்கட்டும். எனக்குத் துணியால துடைச்சுக்கிட்டாப் போதும்."

"அத்தை, விளக்குக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கித் தாரேன்" என்றாள் மகள். "அணையாது."

அக்கா கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். கதவுப் பக்கம் வந்தாள். எலக்ட்ரீஷியன் ஒதுங்கினான். வாசற்படியில் உட்கார்ந்து பட்டையின் நுனியை நகத்தால் நெம்பினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது.

"அம்மே, ஞான் எடுக்காம். பிளேடு உண்டு."

"நீ சும்மா இரு மோனே."

மனைவியிடம் அரிவாள்மணைப் பக்கத்தில் கிடக்கிற சின்னக் கத்தியைக் கேட்டாள். அதை இடுக்கில் விட்டு இழுத்தாள். பட்டை கொஞ்சம் வந்தது. அறுந்தது. மறுபடி நெம்பினாள். நாங்கள் நின்று பார்த்தோம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவளே உரித்தாள். உரித்ததைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கட்டைவிரல் நகம் கிழிந்திருந்தது.

"எவ்வளவு அறுக்கணும்னு சொன்னே?"

"ரண்டு விரல் அம்மே."

தன் இரண்டு விரலைக் கதவின் அடியில் வைத்துப் பார்த்தாள். "அறு" என்றாள்.

பிளாஸ்டிக் கதவுதான். கீலைக் கழற்றிச் சந்துக்குக் கொண்டுபோய் இரும்பு ரம்பத்தால் அறுத்தான். அதுவரை குளியலறைக்குக் கதவு இல்லை. கக்கூஸும் சாமியும் முகத்துக்கு முகம். அக்கா நடுவில் போய் நின்றாள். குளியலறைக்கு முதுகு, விளக்குக்கு முகம். சேலைத் தலைப்பை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துப் பிடித்திருந்தாள். ரம்பச் சத்தம் நிற்கும்வரை அப்படியே நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை. சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

கதவை மாட்டினான். சாத்தினான். 'பொத்' இல்லை. ஃபேனைப் போட்டான். சந்துப் பக்கம் தகடு படபடவென்று அடித்தது. நிற்கவில்லை.

சுடர் சாய்ந்தது. நீண்டு, மெலிந்து, கதவைப் பார்த்து வளைந்தது. அணைந்தது. திரியிலிருந்து புகை நூலாக எழுந்து, அதுவும் கதவுக்கு அடியில் போனது.

மனைவி டார்ச்சை அணைத்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

"அக்கா" என்றேன். "அணைஞ்சுட்டு."

"பாத்தேன்."

"ஃபேனை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"எதுக்கு?" அவள் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். "வெளக்கு அணைஞ்சா திரும்ப ஏத்திக்கலாம்லே. நீ உள்ளே போ." பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னாள், "வெந்நி வை. எத்தனை நாளாச்சு இவன் குளிச்சு."

மனைவி வாளியில் வெந்நீர் விளாவிக் கொடுத்தாள். எலக்ட்ரீஷியன் கிளம்பப் பார்த்தான். சாயா குடித்துவிட்டுப் போ என்று மகள் உட்காரவைத்தாள். யாரும் வெளியே போகவில்லை. அன்றைக்கும் மழைதான்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன்.

"தாழ்ப்பாளா?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"ஆமா."

இன்னொரு ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

முதல் கப் ஊற்றினேன். ஆவி எழுந்தது. தலைக்குமேல் போய் நின்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சாய்ந்தது. வட்டத்தைப் பார்த்துப் போனது. இரண்டாவது ஊற்றினேன். கால் பக்கம் சில்லென்று காற்று வந்தது. சாயா வாசம் வந்தது. விளக்கெண்ணெய் வாசமும், தீக்குச்சி வாசமும். முன்னறையில் இருந்த எல்லாம் கதவுக்கு அடியில் என்னிடம் வந்தது.

நெஞ்சு நல்லாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அது ஆகாது. டாக்டர் சொல்லியாயிற்று. மூச்சு அன்றும் பாதிதான் வந்தது. ஆனால் அந்தப் பாதி தடையில்லாமல் வந்தது. ஊற்றினேன். உட்கார்ந்தேன். சோப்புப் போட்டேன். ஊற்றினேன். முதுகுக்குக் கை எட்டவில்லை, விட்டுவிட்டேன். அவசரம் இல்லை.

கதவுக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அதில் அக்காவின் பாதம் போய் வந்தது. தீக்குச்சி கிழிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தீக்குச்சி. அவள் வாய்க்குள் முணுமுணுக்கிறது கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் எதையோ சொல்ல, மகள் "சத்தம் போடாதீங்க, அம்மா கணக்கு தப்பிரும்" என்றாள்.

வாளியின் அடியைக் கப் உரசியது. கவிழ்த்து மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டேன். தகடு அடித்துக்கொண்டே இருந்தது.

துடைத்து, வேட்டி கட்டி, தாழ்ப்பாளை நானே எடுத்து வெளியே வந்தேன். அக்கா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு சுடருக்கு உள்ளங்கையால் அணை கட்டியிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் டம்ளரைக் கழுவப் போனாள். மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து என் கையிலிருந்த ஈரத்துண்டை வாங்கினாள். பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள்.

"பதினாறு" என்றாள்.